'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' வயதானவர்கள் புதிதாகக் கற்பதைத் தடுப்பது மறதியா, பயமா?

"அப்பா, நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"விடும்மா. வயசாயிடுச்சு. எனக்கு இனிமே இதெல்லாம் மண்டையில ஏறாது."

யுபிஐ-யில் பணம் அனுப்பச் சொல்லித்தரும் மகளுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் இந்த உரையாடல் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். மகள் போனை வாங்கி, நாலு தட்டு தட்டி, வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். அப்பா மறுபடி அந்தச் செயலியைத் திறக்கவே மாட்டார்.

இதில் மறதிக்கு எவ்வளவு பங்கு? பயத்துக்கு எவ்வளவு பங்கு? முதுமையும் கற்றலும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் உளவியலாளர்கள் கண்டது இதுதான்: வயதானவர்கள் தடுமாறும் பல இடங்களில், நினைவாற்றல் கைவிடுவதற்கு முன்பே நம்பிக்கை கைவிட்டுவிடுகிறது. அந்த நம்பிக்கையைக் குறைப்பதிலும் கூட்டுவதிலும் கூட இருப்பவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எப்படி என்று பார்க்கலாம்.

வயசானா மூளையில உண்மையில் என்ன மாறுது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வயதாவதால் எந்த மாற்றமும் இல்லை என்று சொன்னால் அது பொய். தகவலைப் புரிந்துகொண்டு பதில் தரும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் ஏந்தி வைத்திருப்பது கடினமாகிறது. ஒருவரின் பெயர் நாக்கின் நுனி வரை வந்து நின்றுவிடுகிறது.

ஆனால் எல்லாமே ஒன்றாகச் சரிவதில்லை. புதிய சிக்கலைச் சட்டெனத் தீர்க்கும் திறனையும், அனுபவத்தில் சேர்ந்த அறிவையும் உளவியல் தனித்தனியாகவே பார்க்கிறது. முதலாவது வயதோடு குறையத் தொடங்குகிறது. சொல்வளம், தொழில் நுணுக்கம், மனிதர்களை எடைபோடும் திறன் போன்ற இரண்டாம் வகை நீண்ட காலம் நிற்கிறது. அமெரிக்காவில் 1956-ல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்த சியாட்டில் நீள்கால ஆய்வும், திறன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறுகின்றன, அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதைக் காட்டியது.

அதாவது 65 வயதுக்காரருக்குக் கற்க அதிக நேரம் தேவைப்படலாம். அதிக தடவை பயிற்சி தேவைப்படலாம். ஆனால் "ஏறவே ஏறாது" என்பதற்கு ஆதாரம் இல்லை.

பயம் எப்படி நினைவைத் தடுக்குது?

ஓடிபி வருகிறது. ஆறு இலக்கம். அதைப் படித்து, மனதில் வைத்து, இன்னொரு திரைக்குப் போய் டைப் செய்ய வேண்டும். அந்தச் சில நொடிகளுக்கு எண்ணைத் தாங்கிப் பிடிப்பது நம் செயல்பாட்டு நினைவு. அதன் கொள்ளளவு எல்லாருக்கும் குறைவுதான், வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு.

இப்போது அதே இடத்தில் வேறு சில எண்ணங்களும் வந்து உட்காருகின்றன. "தப்பா அமுக்கிட்டா பணம் போயிடுமோ?" "பையன் திட்டுவானோ?" "பேரன் சிரிப்பானோ?" கவலையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. எண்ணுக்கு இடம் குறைந்துபோகிறது. அவர் மறந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அந்த எண் அவர் மனதில் சரியாகப் பதிந்திருக்கவே இல்லை.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பதற்றத்தில் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. புதிய நினைவுகள் உருவாக உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி இந்த ஹார்மோனுக்கு அதிகமாக எதிர்வினை காட்டக்கூடியது. அளவுக்கு மீறிய கார்ட்டிசால், ஏற்கெனவே தெரிந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதைக்கூடத் தடுக்கும். தேர்வு அறையில் படித்ததெல்லாம் மறந்துபோகும் பள்ளி மாணவருக்கு நடப்பதும் இதுதான்.

சோதனை நடந்த விதமே முடிவை மாற்றியது

கனடாவின் மான்ட்ரியல் நகரில் சோனியா லூபியன் தலைமையிலான குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டுகிறது. இளைஞர்கள், முதியவர்கள் இரு தரப்பினருக்கும் இரண்டு விதமான சூழலில் நினைவாற்றல் சோதனை நடந்தது.

ஒன்று, முதியவர்களுக்குச் சாதகமில்லாத சூழல்: பிற்பகல் நேரம், பழக்கமில்லாத இடம், சோதனை நடத்துபவர் இளவயதுக்காரர். இன்னொன்று, அவர்களுக்கு ஏற்ற சூழல்: காலை நேரம், முன்பே வந்து பார்த்துப் பழகிய இடம், சோதனை நடத்துபவரும் வயதில் மூத்தவர்.

சாதகமில்லாத சூழலில் முதியவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் கூடியிருந்தது, நினைவாற்றல் மதிப்பெண் குறைந்திருந்தது. இளைஞர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. "வயதானால் மறதி" என்று நாம் அளப்பதில் ஒரு பகுதி, அந்த நேரத்துப் பதற்றத்தின் அளவாகவும் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

ஒரு பழமொழி என்ன செய்யும்?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட பழமொழி. ஆனால் இன்று அது பெரும்பாலும் வயதானவர்கள் மீதே பாய்கிறது. "அறுபது வயசுல கம்ப்யூட்டர் கிளாஸா?" என்ற கேலியும் அதே ரகம்.

இப்படிப்பட்ட சொற்கள் வெறும் சொற்களாக நிற்பதில்லை. முதுமை பற்றிய பார்வைகளை ஆய்வு செய்பவரும் இப்போது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருப்பவருமான பெக்கா லெவி, 1996-ல் ஒரு சோதனையை வெளியிட்டார. முதியவர்களுக்குக் கணினித் திரையில் சில சொற்கள், உணர்ந்து படிக்க முடியாத வேகத்தில் காட்டப்பட்டன. ஒரு குழுவுக்கு முதுமையின் தளர்ச்சியைக் குறிக்கும் சொற்கள், இன்னொரு குழுவுக்கு முதுமையின் ஞானத்தைக் குறிக்கும் சொற்கள். நல்ல சொற்களைக் கண்டவர்களின் நினைவாற்றல் சோதனை முடிவுகள் மேம்பட்டன. மற்ற குழுவில் முடிவுகள் சரிந்தன. இதே சொற்கள் இளைஞர்களிடம் அப்படிப்பட்ட மாற்றத்தை உண்டாக்கவில்லை. காரணம், முதுமை பற்றிய பேச்சு அவர்களைப் பற்றியது இல்லையே.

2001-ல் தமாரா ரஹ்ஹாலும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். சோதனை ஒன்றுதான், அறிமுகம் மட்டும் வேறு. "இது உங்கள் நினைவாற்றலைச் சோதிக்கும் தேர்வு" என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் இளைஞர்களைவிடப் பின்தங்கினார்கள். நினைவாற்றல் என்ற பேச்சையே எடுக்காமல் அதே வேலையைக் கொடுத்தபோது, இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: இது மந்திரம் இல்லை. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தத் தாக்கம் உண்மையானது, ஆனால் சிறியது முதல் நடுத்தர அளவிலானது என்றே தெரியவந்தது. ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு நடக்கும்போது, வீட்டில் "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று வருடக்கணக்கில் கேட்பவரின் நிலையை யோசிக்க வேண்டியிருக்கிறது.

உதவியே தடையாக மாறுமா?

மாறும். இதற்கு 1982-ல் வெளியான பழைய ஆய்வு ஒன்று நல்ல சான்று. ஜெரி ஏவோர்ன், எலன் லாங்கர் இருவரும் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர்களுக்குத் துண்டுகளைச் சேர்த்துப் படம் உருவாக்கும் ஜிக்சா புதிரைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கூடவே இருந்து கையால் உதவி செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஊக்கமான வார்த்தை மட்டும் சொன்னார்கள். மூன்றாவது குழுவை அப்படியே விட்டார்கள்.

பிறகு தனியாகச் செய்யச் சொன்னபோது, ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். கையால் உதவி பெற்றவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள்.

அன்போடு செய்த உதவி, "உன்னால் முடியாது" என்ற செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி நாமே முடித்துக் கொடுக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அன்றைய வேலை முடிந்துவிடும். அடுத்த தடவை முயலும் துணிச்சல் போய்விடும்.

இதன் விலை சிறியதில்லை. போனைத் தொடப் பயந்தவர் ஓய்வூதியம் வந்ததா என்று பார்க்க இன்னொருவரைத் தேட வேண்டும். ஏடிஎம்-மில் அறிமுகமில்லாதவரிடம் அட்டையையும் பின் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பவர்களில் பலர் தாங்களே முயலத் தயங்குபவர்கள்தான். பிறகு பணம் போனால், "நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்ற பயம் இரட்டிப்பாகிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருது?

"தைரியமா இருங்க" என்று சொன்னால் மட்டும் தைரியம் வராது. ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பற்றி 1977-ல் விரிவாக எழுதியவர் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்கிறார்.

1. தானே செய்து ஜெயித்த அனுபவம். நான்கில் வலுவானது இதுதான்.
2. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது.
3. மதிக்கும் ஒருவர் சொல்லும் ஊக்கமான வார்த்தை.
4. அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. படபடப்பாக இருந்தால் "என்னால முடியல" என்றே மனம் கணக்குப் போடும்.

இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கேரளாவின் ஆலப்புழா மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா சிறுவயதில் பள்ளிப் படிப்பு கிடைக்காதவர், கோயில்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 2018-ல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் 'அட்சரலட்சம்' தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். மத்திய அரசின் நாரி சக்தி விருது அவரைத் தேடி வந்தது. 2023-ல், 101 வயதில் காலமானார்.

96 வயதில் அவருக்கு அந்த ஆசை எப்படி வந்தது? தன் மகள் எழுத்தறிவு இயக்கத்தின் மூலம் படித்துத் தேறியதைப் பார்த்துத்தான். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் தந்தார். அந்தப் பெண்கள் எல்லாரும் முதியவர்கள் இல்லை. ஆனால் "நமக்கு இனிமே படிப்பா?" என்று கேட்டவர்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டவர்களும் உண்டு. விழாமல் பத்தடி ஓட்டிவிட்டவருக்கு 'அ' எழுதுவது அவ்வளவு பெரிய மலையாகத் தெரியாது என்பதே அதற்கு விடை. ஒரு இடத்தில் கிடைத்த துணிச்சல் இன்னொரு இடத்திலும் கை கொடுக்கும்.

பிடிச்சதை மட்டும் சீக்கிரம் கத்துக்கிறாங்களே, ஏன்?

நெட் பேங்கிங் என்றால் தலையைச் சுற்றுகிறது என்று சொல்லும் பாட்டி, வெளிநாட்டில் பேத்தி பிறந்ததும் ஒரே வாரத்தில் வீடியோ கால் பேசக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் சொல்லும் விளக்கம் இது: எதிரே இருக்கும் காலம் குறுகியது என்று உணரும்போது, மனிதர்கள் என்றாவது பயன்படும் தகவலைச் சேர்ப்பதைவிட, மனதுக்கு நெருக்கமானதற்கு முதலிடம் தருகிறார்கள். 2003-ல் சூசன் சார்ல்ஸ், மாரா மேத்தர் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், காட்டிய படங்களில் மகிழ்ச்சி தரும் படங்களைவிட வருத்தம் தரும் படங்களை நினைவில் வைப்பது வயது கூடக் கூடக் குறைந்தது.

ஆக, எதைச் சொல்லித்தருகிறோம் என்பதைப் போலவே, அது அவர்களுக்கு எதற்கு என்பதும் முக்கியம். "செட்டிங்ஸ்" பக்கத்தில் தொடங்கினால் கொட்டாவி வரும். பேத்தியின் போட்டோவை எப்படிச் சேமிப்பது என்று தொடங்கினால் கண் விரியும்.

கஷ்டமான புதிய விஷயத்தைத் தொடர்ந்து கற்பதால் பலனும் உண்டு. டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 60 முதல் 90 வயது வரை உள்ள 221 பேர் பங்கேற்றனர். மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாக சுமார் 16.5 மணி நேரம், சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை கற்றார்கள், சிலர் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் தையல் கற்றார்கள், சிலர் இரண்டையும் கற்றார்கள். சேர்ந்து பேசிப் பொழுதுபோக்கிய குழு போன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டால், புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது.

எல்லாத்தையும் பயம்னு சொல்லிட முடியுமா?

முடியாது. இங்கே கவனம் தேவை.

முதியவர் ஒருவர் எதிலும் நாட்டமில்லாமல், சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று பேசத் தொடங்கினால், கூடவே மறதியும் இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். முதுமையில் வரும் மனச்சோர்வு பல சமயம் டிமென்ஷியா போலவே தோற்றம் தரும். சிகிச்சையில் மனச்சோர்வு குறையும்போது கவனமும் நினைவும் தெளிவடைய வாய்ப்பு உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். காது சரியாகக் கேட்காதவர், திரும்பக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுவார். கண்புரை இருப்பவருக்குத் திரையில் எழுத்தே தெரியாது. இதெல்லாம் "புரியல" என்ற ஒரே சொல்லில் மறைந்துபோகும்.

பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பல வருடம் செய்த சமையலிலோ கணக்கிலோ தடுமாறுவது போன்றவை தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதை நம்பிக்கை வார்த்தையால் சரிசெய்ய முடியாது.

வீட்டில் எப்படிச் சொல்லித்தரலாம்?

• போன் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் வழி சொல்லுங்கள், விரல் அவருடையதாக இருக்கட்டும்.

• ஒரு நாளைக்கு ஒன்று போதும். இன்று போட்டோ அனுப்புவது. அது தானாக வந்த பிறகு அடுத்தது.

• தோற்றாலும் நஷ்டமில்லாத இடத்தில் தொடங்குங்கள். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு 1 ரூபாய் அனுப்பிப் பழகட்டும். பணம் போய்விடும் என்ற பயம் பாதி குறையும்.

• காலை நேரம், அமைதியான இடம். டிவி ஓடும் கூடத்தில், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும்போது வேண்டாம்.

• அவரே எழுதிக்கொள்ளட்டும். ஒரு நோட்டில், அவர் பாஷையில், அவர் கையெழுத்தில் படிப்படியான குறிப்பு. பின் எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.

• "நேத்துதானே சொன்னேன்" என்ற வாக்கியத்தைத் தவிருங்கள். "எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் ஞாபகம் இருக்கும். அது அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

• அவர் வயதுக்காரர் ஒருவர் சொல்லித்தந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்வதைப் பார்த்தால், "அவரால முடியுதுன்னா என்னாலயும் முடியும்" என்று தோன்றும்.

• ஏமாற்று அழைப்புகள் பற்றிச் சொல்லும்போது பயமுறுத்த வேண்டாம். "ஓடிபி-யை யாரிடமும் சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்க" என்ற இரண்டு விதி போதும். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்கலாம்.

இப்போது கற்க விரும்பும் முதியவர்களுக்கு

எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் சேரலாம். மேல் வயது வரம்பு இல்லை. மூத்த குடிமக்களுக்கான வழிகாட்டுதலுக்கு 14567 என்ற எல்டர்லைன் எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் அப்போதே பத்தில் ஒருவர் அந்த வயதில் இருந்தார். ஓய்வூதியம், ரேஷன், மருத்துவமனை முன்பதிவு எல்லாம் திரைக்குள் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், இவர்கள் கற்பதும் கற்காமல் ஒதுங்குவதும் அந்தந்த வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

நமக்கு நடக்கவும் எழுதவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தபோது, எத்தனை தடவை விழுந்தோம் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இன்று சாயங்காலம் அப்பா அதே கேள்வியை ஐந்தாவது தடவை கேட்டால், முதல் தடவை கேட்டது போலப் பதில் சொல்லிப் பாருங்கள். ஆறாவது தடவை அவர் கேட்காமலே போகலாம்.